இழுத்தது என் கையல்ல

கடைக்கு வந்த ஒரு பெரியவர்தான் அதை முதலில் பார்த்தார். "யம்மா, ஒங்க செருப்பு ஒன்னு அந்தா படியில கெடக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்காலாக இருந்தது. படியில் கழன்றதை அறியாமல் உள்ளே நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மனுவைப் பாதிவரை டைப் அடித்துவிட்டிருந்தேன்.

என் பெயர் கோமதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் அந்தப் படிக்கல் எப்படிச் சுடும் என்று அதில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். என் இடது காலுக்குத் தெரியவில்லை. அன்று இதை எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு கால்களும் போயின, இடது கையும் மரத்துப்போயிற்று. பிறகு மூத்திரம் போவது தெரியாமல் போயிற்று. புடவை நனைந்து, நாற்காலி நனைந்து, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது அருவருப்பு மட்டும்தான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் (தண்டுவடத்தில் ஓரிடத்தில் குறுக்காக வரும் வீக்கம், அதற்குக் கீழே மூளையின் உத்தரவும் போகாது, கீழிருந்து உணர்வும் மேலே வராது) என்றார்கள். டாக்டர் அதை என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். படுத்திருப்பவளுக்குக் காது கேட்காது என்று ஆஸ்பத்திரிகளில் ஒரு நினைப்பு. "இவங்க இனிமே நடக்கிறது கஷ்டம் சார். இடது கைப்பிடி கொஞ்சம் வரும். வலது கை நல்லா இருக்கு, அந்த மட்டும் அதிர்ஷ்டம்." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து வலது கையைத்தான் நான் என்று நினைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும் சுமை.

என் கணவர் சங்கரபாண்டியன் ராஜபாளையத்தில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், அவருடைய மைக். கையில் வைத்துப் பேசும் வாக்கி-டாக்கிக்குப் போலீஸ் வீடுகளில் அதுதான் பெயர். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அது இருக்கும், தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்தால் அடுப்புக்குப் பக்கத்திலும் இருக்கும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அது 'கர்ர்' என்று இரையும். இவர் உடனே என் பக்கம் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு அதனிடம் பேசுவார். "வீட்டுக்கு வந்தா அந்தச் சனியனக் கழத்தி வைக்கப்படாதா?" என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டு வருகிறேன். "டூட்டி இருக்குட்டி" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு எல்லாம் செய்தது இவர்தான். கதீட்டர் (மூத்திரப்பையிலிருந்து நீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) மாற்றுவது, பீ அள்ளுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம். காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் செய்வார். அவர் முகம் ஒருநாளும் சுளித்ததில்லை. என் முகம்தான் சுளிக்கும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த பால்கோவா அலமாரி முழுக்க இருந்தது. அந்த இனிப்பு வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வீட்டில் ஒரு நாற்றம் நின்றது. இன்றைக்கும் பால்கோவாக் கடையைத் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் ஊரில் இருந்துகொண்டு இது லேசான காரியமில்லை.

பிறகு மின்சார நாற்காலி வந்தது. கைப்பிடியின் முனையில் ஜாய்ஸ்டிக் (கட்டைவிரல் அளவுக் குமிழ், சாய்க்கும் பக்கம் வண்டி போகும்) இருக்கும். வலது கையால் அதை முன்னால் சாய்த்தேன். வண்டி நகர்ந்தது. யாரும் தள்ளாமல் நானாக வாசல்வரை போனேன். அங்கிருந்து திரும்பி, கதவைப் பார்த்து, மறுபடியும் வாசலுக்குப் போனேன். மறுநாள் இரண்டு தெரு தாண்டி, படியில் போட்ட சாய்பலகை வழியாகக் கடைக்குள்ளேயே போய்விட்டேன். அந்த நோயில் நான் சந்தோஷப்பட்ட நாட்கள் என்று சொன்னால் அவைதான்.

அதில் ஒரு குறை இருந்தது. ஜாய்ஸ்டிக்கிலிருந்து கீழே போகும் ஒயரில், லேப்டாப் சார்ஜரில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஒரு கறுப்பு உருண்டை. அது என் வலது தொடைக்கும் நாற்காலியின் பக்கப் பலகைக்கும் நடுவில் மாட்டி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உணர்வில்லாத தொடை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் குளிப்பாட்டும்போது இவர்தான் பார்த்தார். அழுத்தப்புண் (ஒரே இடத்தில் எடை அழுத்தி, ரத்தம் ஓடாமல் சதை அழுகுவது). உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வாடையும் வந்தது. என் உடம்பிலிருந்துதான் அது வருகிறது என்று நம்ப எனக்குச் செத்த நேரம் ஆனது.

புண் ஆற வெகுநாளாயிற்று. ஆறியதும் இவர் செய்த முதல் வேலை, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து அந்த உருண்டையை வெட்டி எறிந்தது. ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். "இனிமே குத்தாதுட்டி" என்றார். இரண்டாவது வேலை, நாற்காலியின் கைப்பிடியில் ஒரு கிளிப் அடித்தது. என்னைத் தூக்கி உட்காரவைக்கும்போது இடுப்பிலிருக்கும் மைக் என் விலாவில் இடிக்கிறதாம். அதனால் அதைக் கழற்றி அந்தக் கிளிப்பில் மாட்டிவிட்டு என்னைத் தூக்குவார். நாங்கள் சேர்ந்து வெளியே போகும்போதும் அது அங்கேயே தொங்கும். என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

இரண்டையும் என் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தடவை முற்றத்தில், இவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. நாற்காலி சும்மா நின்ற இடத்திலிருந்து எகிறித் துவைகல்லில் முட்டியது. பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் பேச்சியம்மாள் எட்டிப்பார்த்து, "என்னட்டி, ரேசுக்குப் போறியா?" என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்தது கடையில். ஒரு போலீஸ்காரர் மேசையில் சாய்ந்து நின்று ஏதோ நகல் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி திடீரென்று பின்னால் பாய்ந்து ஜெராக்ஸ் மெஷினில் இடித்தது. கண்ணாடி விரிசல் விட்டது. அப்போதும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை தேரடியில். பூ வாங்கப் போயிருந்தோம். நான் சாலை ஓரத்தில் நின்றேன், இவர் பக்கத்தில் நின்றார். கிளிப்பில் இருந்த மைக் இரைந்தது. குனிந்து எடுத்து, "கண்ட்ரோல், சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், நாற்காலி நேராகச் சாலைக்குள் பாய்ந்தது. மதுரை பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் எனக்கு இன்னும் பல்லைக் கூசவைக்கும். பஸ் நின்றபோது அதன் முகப்புச் சூடு என் முகத்தில் அடித்தது. என் முழங்கால் அதன் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் அதற்குள் ஓடிவந்து வண்டியைப் பின்னால் இழுத்திருந்தார்.

"நான் அசைக்கவேயில்ல" என்றேன்.

"ஒன் கை அதுமேலதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. அசைக்கல."

வீட்டில் வந்து சொன்னதும் பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கை இழுக்குதுட்டி ஒனக்கு. வண்டியச் சொல்லாத."

ராஜபாளையத்தில் மறுவாழ்வு மருத்துவர் (நோய்க்குப் பின் உடம்பை மறுபடி பழக்குபவர்) ஒரு அம்மா இருக்கிறார். பொறுமையானவர். என் காலைத் தட்டிப் பார்த்தார். கால் தானாக உதறியது. இது ஸ்பாஸ்டிசிட்டி (மூளையின் பிடி விட்டதால் தசைகள் தாமாக இறுகி உதறுவது). காலில் எனக்கு அது ஏற்கெனவே உண்டு. வலது கையையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "லேசா ஆரம்பிக்கிற மாதிரிதான் தெரியுது சார்" என்று என் கணவரிடம் சொன்னார். பேக்லோஃபென் (தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை) அளவைக் கூட்டினார். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி நாற்காலியின் முதுகுப் பக்கம் மாட்டிவிடச் சொன்னார். அப்படிச் செய்தால் கூட வருகிறவர் பின்னால் நின்று ஓட்டலாம்.

"எங்கிட்டக் கேக்க மாட்டியளா?" என்றேன்.

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார். நோயாளிகளே, இந்த வாக்கியத்தைக் கேட்டால் உஷாராக இருங்கள்.

அதற்குப் பிந்தைய மாதங்களை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அந்த மாத்திரை ஒரு நல்ல மாத்திரை, தேவைப்படுகிறவர்களுக்கு வரம். எனக்கு அந்த அளவு தேவையாக இல்லை. காலையில் கண் திறப்பதே பெரும்பாடு. வாயோரம் எச்சில் வழியும், துடைக்கத் தோன்றாது. கடையில் ஒரு பிரமாணப் பத்திரத்தை அடித்துக்கொண்டே விசைப்பலகையில் முகம் கவிழ்ந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் திரை முழுக்க ஒரே எழுத்து ஓடியிருந்தது, விசைகளின் மேல் என் எச்சில். எதிரில் ஒரு வக்கீல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

அதைவிடக் கேவலம், பின்னாலிருந்து ஓட்டப்படுவது. எங்கே திரும்பப் போகிறோம் என்பது திரும்பிய பிறகுதான் தெரியும். வண்டி எகிறினால், ஓட்டுகிறவர் கை தவறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு யாரோடாவது பேசப் போய்விடுவார்கள். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். காய்கறிக் கூடையை இறக்கி வைப்பதற்கும் என்னை நிறுத்தி வைப்பதற்கும் வித்தியாசமில்லை. கடையை மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. "வீட்ல இரேன், என்ன கொறைஞ்சு போச்சு?" என்றாள் பேச்சியம்மாள். என்ன குறைந்து போயிற்று என்று அவளுக்கு எப்படிச் சொல்ல!

ஆனால் எல்லாவற்றையும்விட மோசமான ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல நானும் நம்பினேன். சோறு பிசையும்போது வலது கையை உற்றுப் பார்ப்பேன். விரல் லேசாக அசைந்தால், "அந்தா இழுக்குது" என்று நினைப்பேன். காலை வெறுத்த மாதிரி அந்தக் கையையும் வெறுக்க ஆரம்பித்தேன். சில நாள் அதை மடியில் வைத்துத் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டேன், பார்க்கப் பிடிக்காமல். சீ, எப்பேர்ப்பட்ட காரியம் அது. எனக்கு உண்மையாக உழைத்த ஒரே உறுப்பு அதுதான், அதற்கு நான் செய்த மரியாதை அது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்டாள் கோவிலுக்குப் போகலாம் என்று இவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இடது கையின் இரண்டு விரலால் முடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பின்னுவேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் இன்னொருவரைப் பின்னவிட மாட்டேன். மைக் இரைந்தது. பின்னால் நின்றவர் சுற்றி முன்னால் வந்து, கிளிப்பிலிருந்து அதை எடுத்தார். பொத்தானை அமுக்கி, "சொல்லுங்க" என்றார்.

நாற்காலி பாய்ந்து அவர் கால் பெருவிரலில் ஏறியது.

"ஆத்தாடி!" என்று துள்ளினார். பழக்க தோஷம், அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஏட்டி, கைய எடுட்டி!"

"எந்தக் கைய?" என்றேன். "ரெண்டும் தலையில இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என் இரண்டு கைகளும் பாதிப் பின்னலில் இருந்தன. ஜாய்ஸ்டிக் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கே யாரும் இல்லை. அவர் கட்டைவிரல் பொத்தானை விட்டதும் நாற்காலி நின்றுவிட்டிருந்தது. மைக்கில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தான் பின்னால எதையும் தட்டிட்டு வந்திருப்பேன்" என்றார்.

"நீங்க முன்னால நிக்கிய. இன்னொருக்க அமுக்குங்க."

"வேண்டாம் கோமதி, வண்டி..."

"என்னையக் கட்டில்ல போடுங்க. வண்டியச் செங்கல் மேல தூக்கி வைங்க. அமுக்குங்க."

முற்றத்தில் செங்கல் அடுக்கி, சக்கரங்கள் தரையில் படாமல் நாற்காலியைத் தூக்கி வைத்தார். நான் வாசலையொட்டிய கட்டிலில் சாய்ந்திருந்தேன். சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் வந்து நின்றாள். இவர் மைக்கை நாற்காலியின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொத்தானை அமுக்கினார். சக்கரம் 'விர்' என்று சுற்றியது. விட்டார். நின்றது. அமுக்கினார். சுற்றியது. சும்மா இருந்த நாற்காலி, ஆளில்லாத நாற்காலி, எங்கள் மூன்று பேர் கண் முன்னால் ஓடியது.

"யாத்தே!" என்று பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி எறங்கிருச்சுட்டி இதுல!"

"சாமி இல்ல மதினி. ஒங்க தம்பி."

இவர் மைக்கைக் கீழே இறக்கினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "போதும்" என்றார்.

"போதாது. அமுக்குங்க."

மறுபடியும் அமுக்கினார். நான் சொல்லச் சொல்ல அமுக்கினார். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. எச்சில் வழிந்த நாட்கள், சுவரைப் பார்த்து நின்ற நாட்கள், துண்டில் சுற்றிய என் கை எல்லாம் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றின. பேச்சியம்மாளைப் பார்த்து, "கூடம் கோணல்தான் மதினி" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராஜபாளையத்து டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. இவர் ஆஸ்பத்திரி நடையிலேயே மைக்கைக் கையில் எடுத்தார். டாக்டரம்மா பதறி ஓடிவந்து, "இங்க அமுக்காதீங்க! உள்ள ஐ.சி.யூ. இருக்கு, மெஷினெல்லாம் பாதிக்கும்" என்றார். சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஐ.சி.யூ.வில் இருக்கும் மெஷினுக்குத் தெரிந்த நியாயம், நான் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கும் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாங்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் வண்டியைத் தூக்கி வைத்துக் காட்டினோம்.

அவர் என் பக்கம் குனிந்து, முதன்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "இதுக்கு ரேடியோ அலைக் குறுக்கீடுன்னு பேரும்மா (ஒரு கருவி வெளியிடும் ரேடியோ அலை இன்னொரு கருவியின் ஒயருக்குள் புகுந்து, அதைத் தப்பாக இயங்கவைப்பது). படிச்சிருக்கேன். ஆனா ஒங்க விஷயத்துல யோசிக்கல. மன்னிச்சிருங்க."

அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்குக் கோபம் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

நாற்காலிக் கம்பெனியில் கேட்டபோதுதான் மற்றது தெரிந்தது. நாம் குமிழைச் சாய்த்தால் ஒயர் வழியாக மோட்டாருக்கு ஒரு சிறிய மின் சிக்னல் போகிறது, அவ்வளவுதான் உத்தரவு. பக்கத்தில் மைக்கை அமுக்கினால், அது விடும் அலையை அந்த ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்கிறது. மோட்டாருக்கு யார் சொன்னது என்று தெரியாது. சொன்னால் ஓடும். அந்த அலையை வழியிலேயே தடுப்பதற்காகத்தான் ஒயரில் அந்தக் கறுப்பு உருண்டை. என் தொடையை அழுகவைத்தது என்று நாங்கள் வெட்டி எறிந்தது என் காவல்காரனைத்தான்.

புது ஒயர் வந்தது, உருண்டையோடு. அதைத் தொடையில் படாமல் இருக்கைக்கு அடியில் கட்டினார்கள். ஜாய்ஸ்டிக் வலது பக்கத்துக்குத் திரும்பி வந்தது. அந்தக் கிளிப்பை இவரே பிடுங்கி எறிந்தார்.

இதே மாதிரி வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உருண்டை சரியாக இருந்தாலும் அலையை முழுக்கத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். வாக்கி-டாக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் வந்தால் குமிழிலிருந்து கையை எடுப்பது போதாது, வண்டியையே நிறுத்திவிடுங்கள். சுவிட்ச் போட்டபடி நின்றுகொண்டிருந்தால் என் கதிதான். செல்போனைக் குமிழுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், மடியின் இடது பக்கமோ பையிலோ இருக்கட்டும். நாற்காலியில் எதையாவது புதிதாக மாட்டவோ வெட்டவோ நினைத்தால் முதலில் கம்பெனியில் கேளுங்கள். அக்கறையில் செய்கிறேன் என்று வருகிறவர்களிடம் இன்னும் இரண்டு மடங்கு கேளுங்கள். வண்டி தானாக ஓடினால், எங்கே, யார் பக்கத்தில், என்ன கருவியோடு நின்றார்கள் என்று பாருங்கள். உங்கள் கையை மட்டும் பார்க்காதீர்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. என் அளவை டாக்டரம்மா படிப்படியாகத்தான் குறைத்தார்.

ஆடிப்பூரத் தேருக்கு ஊரில் எம்புட்டுப் போலீஸ் என்று உங்களுக்கே தெரியும், ஆளுக்கொரு மைக். அன்றைக்கு மட்டும் மோட்டாரை முழுக்க நிறுத்திவிட்டு, கியரை விடுவித்து, சாதாரணத் தள்ளுவண்டியாகப் போகிறேன். தள்ளச் சொல்லி நான்தான் சொல்வேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் நான்தான் சொல்வேன்.

மாத்திரை குறைந்ததும் கால் உதறல் திரும்பி வந்தது. முன்பு அதைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கும், அறுபட்ட பல்லி வால் துடிப்பது போல. இப்போதும் அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் உதறும்போது நான் கையை முழங்கால்மேல் வைத்து அது அடங்கும்வரை காத்திருக்கிறேன். இது என் காலின் உதறல், வேறு எங்கிருந்தோ வந்தது இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை மாதம் பிடித்தது. உடம்பு எங்கே முடிகிறது என்ற கணக்கும் மாறிவிட்டது. தோலோடு முடிகிறது என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது ஒயர்வரை நீள்கிறது, அதைத் தாண்டி ஒரு பத்தடிக் காற்றுவரை நீள்கிறது. அந்தக் காற்று காலியாக இல்லை. அதில் யாராவது எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நேரத்தைக்கூட நான் இப்போது கடிகாரத்தில் பார்ப்பதில்லை. எது இரைகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் என் பொழுது போகிறது.

சாயங்காலம் இவர் வரும் சத்தம் கேட்டால் நான் முற்றத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். இவர் வெளிக் கேட்டிலேயே பைக்கை நிறுத்துவார். உள்ளே வர மாட்டார். இடுப்பிலிருந்து மைக்கைக் கழற்றுவார், அணைப்பார், கேட்டுக்கு வெளியே சுவரில் இதற்கென்று அடித்த பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அப்புறம்தான் படியேறுவார். முதல் நாள் அப்படி வந்து நின்றபோது அவர் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றை இடுப்பில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"என்னட்டி பாக்குத?" என்றார்.

"ஒன்னுமில்ல."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட ஒரே காரியம். வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு காலையும் கொடுத்து, ஒரு பஸ்ஸில் விழுந்து சாகவும் பார்க்க வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "எப்படி இருக்க?" என்று கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன். எதுவும் இரையவில்லை. என்னைப் பேசி முடிக்க விடுகிறார். குமிழின் மேல் என் வலது கை சும்மா இருக்கிறது.